இரண்டே முக்கால் ஆள்

காலை ஏழு நாற்பதுக்கு என் மகளின் கழுத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்தேன். எட்டு மணிக்கு அவள் மாத்திரை போட வேண்டும். இடையில் இருபது நிமிடம் இருந்தது.

திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், பள்ளிச் சீருடையோடு அவள் அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். பின்னுவதற்காக முடியைத் தூக்கியபோதுதான் தெரிந்தது. கொசு கடித்திருக்கும் என்றாள் மனைவி. நான் காலரை விலக்கிப் பார்த்தேன். வேர்க்குரு போல, ஆனால் வேர்க்குருவைவிட அடர்த்தியாக, தோள்பட்டை வரை இறங்கியிருந்தது. "உதட்டுக்கு உள்ள எரியுதுப்பா" என்று அவளே சொன்னாள்.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. இடது கை சுண்டுவிரலில் ஒரு துடிப்பாகத் தொடங்கி மேலே ஏறும். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையில் அது குறைந்ததே தவிர நிற்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். அங்கே எல்லோரும் அதை 'ஸ்டடி' என்றுதான் சொன்னார்கள். பழைய மாத்திரையோடு புதிதாக ஒன்று தருவார்கள். அதற்குள் மருந்து இருக்கலாம், வெறும் மாவும் இருக்கலாம். எது என்று எங்களுக்கும் தெரியாது, கொடுப்பவர்களுக்கும் தெரியாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பிரித்துப் பார்க்க, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஒட்டிய கவர் பீரோவில் இருந்தது. என் மகளுடையது பதினேழாம் நம்பர்.

கையெழுத்துப் போட்ட அன்று எங்களிடம் இரண்டு விஷயம் சொன்னார்கள். உடம்பில் தடிப்பு எது வந்தாலும் உடனே அழைக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம். எந்த நேரமும் அழைக்கலாம் என்று அட்டையில் ஒரு செல்போன் எண் அச்சடித்திருந்தது.

அந்த எண்ணை ஏழு நாற்பத்தைந்துக்கு அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னது. எட்டு மணிக்குள் பதினோரு முறை அழைத்துவிட்டேன். எட்டு அடித்தபோது மனைவி கையில் மாத்திரையும் தம்ளரில் தண்ணீரும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"குடுக்கறதா வேணாமாங்க? சொல்லுங்க."

 அது மருந்தாக இருந்தால் கொடுப்பது தப்பு. மாவாக இருந்தால் இந்தத் தடிப்பு வேறு ஏதோ. நிறுத்தினால் வலிப்பு. பழையதை மட்டும் கொடு, புதியதை வை என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் அந்த எண்ணை அழுத்தினேன்.

தெருமுனை டாக்டர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எரிகிற தீக்குச்சியைத் தருவதுபோல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "சார், இதுல நான் கை வெச்சா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும். விழுப்புரம் இட்டுக்கினு போங்க. ஜல்தி போங்க." அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அன்று யாரையுமே குற்றம் சொல்ல முடியவில்லை, எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வருஷாவருஷம் டைம் டேபிள் போடுகிறவனும் நானே. முப்பத்திரண்டு ஆசிரியர்கள், இருபத்தோரு வகுப்பு. ஒருவர் லீவு போட்டால் அந்த வகுப்பில் யார் போய் உட்கார்வது என்பதை ஜூன் மாதமே யோசித்து வைப்பவன். அதனால் அந்த ஸ்டடி அறைக்குப் போன முதல் நாளே என் கண் சுவரில் இருந்த வெள்ளைப் பலகைக்குத்தான் போனது. ஐந்து பதவி, ஐந்து பெயர், எதிரே எண்கள். டாக்டர் கால். கோ-ஆர்டினேட்டர் ஒன்று. நர்ஸ் அரை, இன்னொரு நர்ஸ் அரை. கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் அரை. மற்ற நேரத்தில் இவர்கள் மருத்துவமனையின் வேறு வேலைகளைப் பார்க்க வேண்டும்.

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். இரண்டே முக்கால் ஆள். இருபத்துநாலு பிள்ளைகள்.

நான் பலகையைப் பார்ப்பதை மூத்த நர்ஸ் கவனித்துவிட்டார். முப்பது வயதிருக்கும், வாயாடி. "இன்னா சார் கணக்கு போடுறீங்க? நான் அரை ஆளு. மீதி அரை ஆளு பிரசவ வார்டுல நின்னுக்கினு கீது. எங்க ஊர்ல கூலிக்கு மல்லாட்டைச் செடி புடுங்கப் போனா பத்து வயசுப் பசங்களத்தான் அரை ஆளுன்னுவாங்க. நான் நர்சிங் படிச்சிட்டு வந்து அரை ஆளாயிட்டேன்" என்றார். என் மகள் அன்று வெகுநேரம் சிரித்தாள். அதன் பிறகு வீட்டில் அந்த நர்ஸுக்கு 'அரை ஆளு' என்றே பெயர்.

அந்தப் பலகையில் இருந்த பெயர்கள் நிலைக்கவில்லை. முதல் கோ-ஆர்டினேட்டர் ஐந்தாம் மாதம் சென்னைக்குப் போய்விட்டார். இரண்டாம் நர்ஸ் வளைகுடா நாட்டுக்குப் போனார். புது ஆள் வந்தால் இரண்டு மாதம் பயிற்சி எடுத்து, சான்றிதழ் வாங்கி, அதன் பிறகுதான் மாத்திரை டப்பாவைத் தொடலாம். அதுவரை எல்லாவற்றையும் 'அரை ஆளு'தான் பார்த்தார். வருகிற ஒவ்வொரு புது முகமும் முதலிலிருந்து கேட்பார்கள், முதல் வலிப்பு எப்போது வந்தது, எந்தக் கை, நினைவு தப்பியதா என்று. நான்காவது முறை என் மகள் என் காதருகே குனிந்து, "அப்பா, இவங்களுக்கும் கேசட் போடவா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைத் தெரிந்தவர் என்று அங்கே ஒருவர்தான் இருந்தார், அவரும் பாதி நேரம் வேறு மாடியில் இருந்தார்.

கோ-ஆர்டினேட்டர் நாற்காலி மூன்று மாதம் காலியாகக் கிடந்தபோது நானே வாய் திறந்தேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு ஒரு கடையில் உட்கார்ந்திருந்தான், பொறுப்பானவன். அவனைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், "சார், இன்னும் ரெண்டு எடம் காலியா கீது, ஆளு நிக்க மாட்டேங்குது, இன்னா பண்றது?" என்று யோசனை கேட்டான். "தெரிஞ்ச எடத்துல பாருப்பா. சொந்தபந்தம்னா சொல்லிக்காம ஓட மாட்டாங்க" என்றேன். பெரிய அனுபவஸ்தன் மாதிரி சொன்னேன்.

அவன் அப்படியே செய்தான். கம்ப்யூட்டர் வேலைக்குத் தன் மாமன் மகனைக் கொண்டுவந்தான். இரண்டாம் நர்ஸாக 'அரை ஆளு'வின் அத்தை மகள் வந்தாள். உண்மையிலேயே யாரும் ஓடவில்லை. ஒன்பது மாதம் அதே முகங்கள். மகள் கேசட் போட வேண்டியிருக்கவில்லை. பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று விழுப்புரம் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் அம்மா மடியில் சாய்ந்திருந்தாள். உடம்பு சுட ஆரம்பித்திருந்தது. நான் அவளுடைய இடது சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வழியில் இன்னும் ஆறேழு முறை அழைத்தேன், அதே பெண் குரல்.

பத்து மணிக்கு ஸ்டடி அறை முன்னால் நின்றோம். பூட்டு. கண்ணாடி வழியாக உள்ளே பலகையும் பீரோவும் தெரிந்தன. அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் நல்லவர். படுக்க வைத்தார், குளுகோஸ் ஏற்றினார், அலர்ஜிக்கு ஊசி போட்டார். ஆனால் அட்டையைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார். அது அந்த மருந்துதானா என்று தெரிந்தால் ஒரு வழி, இல்லையென்றால் வேறு வழி என்றார். பெரிய டாக்டர், அதாவது கால் ஆள், பெங்களூருக்கு ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அவருக்கும் லைன் கிடைக்கவில்லை.

"பீரோவில் கவர் இருக்கு டாக்டர்" என்றேன்.

"இருக்குங்க. சாவி, அந்த அட்டைல இருக்கற செல்போன், ரெண்டுமே கோ-ஆர்டினேட்டர்கிட்டதான் இருக்கு."

வாட்ச்மேனிடம் ஓடினேன். அவர் நிதானமாக வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க சார். நம்ம கோ-ஆர்டினேட்டரேதான் மாப்பிள்ள. பொண்ணு நம்ம பெரிய நர்சம்மாவோட தங்கச்சி. இன்னா சார், உங்களுக்குப் பத்திரிகை வெக்கலயா?"

வைத்தார்கள். வீடு தேடி வந்து, தட்டில் பழத்தோடு வைத்தார்கள். மகளை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லி, அந்தப் பத்திரிகையை எங்கள் அலமாரியில் சாய்த்து வைத்தவன் நானே. அந்த ஒரு மாதமும் காலையில் சட்டை எடுக்கும்போதெல்லாம் அந்தத் தேதியைப் பார்த்தேன். முப்பத்திரண்டு ஆசிரியர்களின் லீவை விரல் நுனியில் வைத்திருப்பவனுக்கு, அந்தப் பலகையில் இருந்த நான்கு பெயரும் ஒரே பந்தலில் நிற்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஐந்து பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பமும் ஒரு டாக்டரும் என்பதுதான் கணக்கு.

"எங்க கல்யாணம்?"

"ஒலக்கூர் பக்கத்துல சார்."

திண்டிவனத்திலிருந்து அரைமணி நேரப் பயணம். நான் அவர்களுக்கு நேர் எதிர்த் திசையில் பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

வாட்ச்மேன் மேஜை டிராயரில் அவருடைய பத்திரிகை இருந்தது. அதில் பெண் வீட்டாரின் செல்போன் எண் இருந்தது. அழைத்தேன். ஒரு பெரியவர் எடுத்தார். பின்னால் மேளம்.

"வணக்கங்க, வாங்க வாங்க! எங்க வந்துக்கினு கீறீங்க?"

"நான் விழுப்புரத்திலேர்ந்து பேசறேங்க..."

"விழுப்புரமா? திண்டிவனம் எறங்கி டவுன் பஸ் புடிங்க. மாதா கோயில்ல பூசை ஆரம்பிச்சிட்டாங்க, பரவால்ல, சாப்பாட்டுக்கு வந்துரலாம்."

"நான் கல்யாணத்துக்கு வரலைங்க. சாவி வேணும்."

"இன்னா சாவி? மண்டபம் சாவியா? அது தம்பிகிட்ட குடுத்தாச்சே!"

"ஆஸ்பத்திரி பீரோ சாவிங்க. மாப்பிள்ளைகிட்ட இருக்கு."

"மாப்பிள்ள பீடத்துக்கு முன்னால முட்டி போட்டுக்கினு கீறாருங்க. இப்பப் போயி பீரோ சாவி கேக்கறதா? யாருங்க நீங்க, வெளையாடறீங்களா?"

கெஞ்சினேன். "ஐயா, பெரிய பொண்ணு நர்சுதானே, அவங்ககிட்ட பதினேழாம் நம்பர் புள்ளைக்கு ஒடம்பெல்லாம் செவந்துடுச்சின்னு மட்டும் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியும்."

"பதினேழா?" என்றார். மேளம் கேட்டது. லைன் அறுந்துபோனது. மறுபடி அழைத்தால் எங்கேஜ்டு, மறுபடியும் எங்கேஜ்டு. என் வார்த்தை கோயிலுக்குள் போனதா, வாசலிலேயே விழுந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

இப்போது என் மகள் வேலைக்குப் போகிறாள். இருந்தாலும் காலை எட்டு மணி ஆனால் என் கண் தானாக அவள் கழுத்துக்குப் போகும். "அப்பா, பேஜாரு பண்ணாதீங்க" என்று துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்வாள்.

அன்று பதினொன்றரைக்குத் தடிப்பு வயிற்றுக்கு இறங்கியது. பன்னிரண்டுக்கு உதடு வீங்கி, தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றாள். பன்னிரண்டே காலுக்கு என் கைக்குள் இருந்த சுண்டுவிரல் துடித்தது. ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்த மாத்திரைய குடுத்துருக்கணுமோ?" என்று மட்டும் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

நான் எழுந்து போய் அந்தப் பூட்டிய கதவின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். உடைத்துவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். கண்ணாடிக்கு அப்பால் பலகை. கால், ஒன்று, அரை, அரை, அரை. எத்தனை முறை கூட்டினாலும் அன்றைக்கு விடை பூஜ்யம்தான்.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பினேன். அரக்குப் பட்டுப்புடவை, பாதி அவிழ்ந்து தொங்கும் மல்லிகை, புழுதி அப்பிய முகம். யாருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தோ அத்தனை தூரம் வந்திருக்கிறார். செருப்பில்லை. கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் கோட்டுப் பையிலிருந்து எடுத்த சாவிக்கொத்தைப் பூட்டில் நுழைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அரை ஆளுதான் சார் வந்துருக்கேன். பாப்பா எங்க?"