மொத்தமாகப் போன மனசு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனைவி இறந்தபின் மகள் பேசுவது எதுவும் என் மனதில் ஏறுவதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, கல்லூரியில் படித்ததைச் சொன்னாள்.

"அப்பா, மனசு ஒன்னுலயே முழுகிப் போறத இங்கிலீஷ்ல எங்ரோஸ்னு சொல்லுவாங்க. ஆதியில, சரக்கு அம்புட்டையும் ஒருத்தரே மொத்தமா வாங்குறதுக்குத்தான் அந்தப் பேராம்."

"முந்திரித் தோப்ப யாவாரிக்கு விடுறோமே, அது மாதிரியா?" என்றேன். காய்ப்பை வியாபாரிக்குக் குத்தகையாக விட்டுவிட்டால், உதிர்ந்த கொட்டையைக்கூட நாங்கள் பொறுக்கக் கூடாது.

"ஆமாப்பா. உங்க மனச அம்மா மொத்தமா எடுத்துக்கிருச்சு. எனக்கு உதிர்ந்த கொட்ட ஒன்னுகூடவா இல்ல?"

சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"சொல்லு ஆத்தா, கேக்குறேன்" என்றேன். சொல்லத் தொடங்கினாள். பாதியில் என் நினைப்பு இறந்தவளிடம் போய்விட்டது. மகள் அதைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை.

பங்குனி, கடைசி வெள்ளிக்கிழமை.