ஹேமருக்கு ஒரு சிட்டிகை

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நம் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வருவது சேகர் சாரின் செய்திதான். "ரெடியா?" என்று ஒரே சொல். அன்றும் அவர் எண்ணிலிருந்துதான் செய்தி வந்தது. நம்மில் ஒருவர் படித்துப் பார்க்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, பிறகு பதறிப்போய் அழித்தார். யாரென்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். "அப்பா தவறிட்டாங்க" என்று சாருடைய மகன் அனுப்பியிருந்தான். படித்த பிறகும் காமிராப் பையைத் தோளிலிருந்து இறக்கத் தோன்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். போவதா, உள்ளே திரும்புவதா என்றே புரியவில்லை.

வெளியார் படித்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மூடிக்கிடக்கும் கட்டடங்களுக்குள் புகுந்து சுற்றிப் பார்ப்பது எங்கள் கிறுக்கு. மைசூரில் ஓடாத தியேட்டர், பாழடைந்த பங்களா என்று நாங்கள் நுழையாத இடம் குறைவு. சேகர் சாருக்கு மட்டும் ஒரே இடம் போதும். ஊருக்கு வெளியே, இரும்பைக் காய்ச்சி அடித்து வண்டிச் சாமான் செய்துகொண்டிருந்த ஃபோர்ஜிங் ஆலை அது. நாங்கள் வேறெங்காவது போகலாம் என்றால், "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்பார். காப்பீட்டு அலுவலகத்தில் காலமெல்லாம் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர். இரும்புக்கும் அவருக்கும் என்ன உறவு என்று நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அந்த ஆலையின் நடுவில் பெரிய ஹேமர் ஒன்று, காய்ச்சிய இரும்பை அடிக்கும் சம்மட்டி இயந்திரம், நிற்கிறது. இரண்டு ஆள் உயரம். அது விழுந்து அடித்த காலத்தில் பக்கத்துத் தெரு வீடுகளில் பாத்திரங்கள் ஆடுமாம். கடைசி ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழை நார் அதன் தூணில் இன்னும் காய்ந்து தொங்குகிறது. சேகர் சார் உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றுவார். தரையெல்லாம் இரும்புச் செதில், குத்தும் என்று கத்துவேன். காதில் வாங்கமாட்டார். சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, ஹேமரில் கைக்கு எட்டும் இடத்தை நெற்றியாக்கிக் குங்குமம் வைப்பார்.

"எதுக்கு சார் இது?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டேன். "பூஜை போட்டு நிறுத்துனாங்க மேடம். மறுநாள் எடுத்து ஓட்டணுமல்ல? ஓட்டவே இல்ல. அது இன்னும் பூஜையிலதான் இருக்குது" என்றார். சரி, பக்தி என்று விட்டேன். நம் குழுவின் நாகராஜிடம், குங்குமம் வைத்தால் பாம்பு அண்டாது என்றாராம். ஆலையின் கன்னடக்கார வாட்ச்மேனிடம் (சித்தப்பா என்பது அவர் பெயர்), தன் அப்பா இங்கேதான் வேலை பார்த்தார் என்றாராம். இன்னொரு தடவை நானே கேட்டபோது சிரித்துக்கொண்டு, "மூடுன இடத்துலதான் மேடம் யாரும் வந்து என்ன வேணும்னு கேக்கறதில்ல" என்றார். நான் கேட்டதற்கு இது பதிலா, கேட்காதே என்பதா?

காரியம் முடிந்த மறுநாள் சாருடைய விஜயநகர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வசந்தா என்னை அடுப்படிக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஞாயித்துக்கெழமயானா சாமுண்டி மலை ஏறப் போறேன்னு போவாருங்க. துக்கம் கேக்க வந்த ஒருத்தரு, நான் வாரா வாரம் மலை ஏறறேன், ஒருநாளும் அவரப் பாத்ததில்லையேன்னு சொல்லிட்டுப் போறாரு. வேற எங்கயாச்சும் ஒரு குடும்பம் இருந்துச்சுங்களா? இருந்தா சொல்லிருங்க. தாங்கிக்குவேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனிதர் வீட்டில் மலை என்று சொல்லிவைத்திருந்தது நம் யாருக்கும் தெரியாதே! கைப்பேசியில் இருந்த படங்களையெல்லாம் காட்டினேன். எல்லாவற்றிலும் துரு, உலை வாய், ஹேமர்.

"துருப்பிடிச்ச இரும்பப் பாக்க ஒரு மனுசன் வாரா வாரம் தலைக்குக் குளிச்சுட்டுப் போவாருங்களா?"

நேரில் வந்து பாருங்கள் என்றேன். மறுநாளே வந்தார்.

மதில் இடிந்த பக்கமாக அவரைக் கைபிடித்து உள்ளே இறக்கினேன். சித்தப்பா ஓடிவந்து, பெரியவரின் அப்பா வேலை செய்த இடம்தானே, தாராளமாகப் பாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்க மாமனாரு சொந்த ஊரு ஹனூரத் தாண்டுனதே இல்லீங்க. பட்டுப்புழு வளத்துனாரு" என்றார். சித்தப்பா விழித்தார். நானும்தான்.

ஹேமரின் முன்னால் வந்ததும் வசந்தா செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சிமிழை எடுத்தார், நிறையக் குங்குமம். "மலைப் பிரசாதம்னு வாரா வாரம் பொட்டலம் கொண்டாந்து குடுப்பாருங்க. அதத்தான் நான் நெத்தியில வெச்சுக்கிட்டிருந்தேன். நேத்து உங்க படத்துல பொட்டப் பாத்ததும் சந்தேகமாப் போச்சு. இதுதானுங்களா அது?"

இதுதான் என்று தலையாட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். எனக்கே சார்மேல் கோபம் வந்தது. உயிரோடு இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"அப்ப இதுக்கு வெச்ச மிச்சத்தத்தான் எனக்குக் குடுத்தாருங்களா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பொட்டலம் ஞாபகம் வந்தது. "இல்லீங்க வசந்தா. ஒரு சிட்டிகைதான் இதுக்கு வெப்பாரு. நான் பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன். மத்ததையெல்லாம் ஒரு பொடி சிந்தாம மடிச்சு உள்பைக்குள்ள வெச்சுக்குவாரு. நாங்க கேலிகூடப் பண்ணுவோம்" என்றேன்.

வசந்தா சிமிழைத் திறந்து, எட்டி, ஹேமருக்கு ஒரு சிட்டிகை வைத்தார். விரலில் சிவப்பு ஒட்டியிருந்தது. புடவையில் துடைக்கப் போனவர், துடைக்காமல் தன் வெறும் நெற்றியில் வைத்துக்கொண்டார். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன்.

நண்பர்களே, சேகர் சார் அங்கே எதற்காக வந்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. வீட்டில் ஏன் பொய் சொன்னார் என்றும் தெரியாது. உங்களில் யாருக்காவது ஐந்தாவதாக ஒரு காரணம் சொல்லியிருந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள், இருக்கிற குழப்பமே போதும். ஹேமருக்கு ஒரு சிட்டிகை, வீட்டுக்கு மீதிப் பொட்டலம் முழுக்க. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்த அளவு ஒன்றைத்தான்.