எழுதாமல் விட்ட ஏழு கோல்கள்

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த இரண்டாவது வருஷம், என் கணவர் வேலை பார்க்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் புட்பால் கோஷ்டியை அவர் பொறுப்பில் விட்டார்கள். அவர் கணக்கும் டிரில்லும் சொல்லிக்கொடுக்கிறவர். அதுவரை கோஷ்டியைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிவிட்டார். வேறு யாரும் ஏற்றுக்கொள்ளாததால் அந்த வேலை இவரிடம் வந்தது. அந்தப் பருவத்தில் ஐந்து பந்தயங்கள். ஐந்திலும் தோற்றார்கள். இதை இப்படிப் பச்சையாக எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

என் அப்பா சீவலப்பேரிக்குக் கீழே, ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் உபதேசியார். குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பதும் ஜெபம் பண்ணுவதும் அப்பாதான். அந்தச் சபையிலிருந்து போர்டிங் பள்ளிக்குப் போய்ப் படித்த முதல் பெண் நான். சபைப் பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்த அரிசியில் ஒரு பங்கு வருஷக்கணக்காக என் படிப்புக்குப் போயிற்று. அதனால் நான் ஊருக்கு எழுதும் தபால் கார்டு அப்பாவுக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் அப்பா அதைச் சபைக்கு முன்னால் நின்று வாசிப்பார். என் மகனுக்குப் பல் முளைத்தது, எனக்கு இருமல் வந்து போனது எல்லாம் அந்த ஊருக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்தில் மனசு இல்லை. என் கணவர் ஊழியத்துக்குப் படிக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்கு வந்தவர். "பந்து உருட்டுதவருக்கா பிள்ளையக் குடுக்கப் போறோம்?" என்று அப்பா உள்ளே அம்மாவிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. பிறகு சம்மதித்தார். ஆனாலும் எனக்கு எழுதும் கடிதங்களில் "உன் வீட்டில் எல்லாரும் சுகமா" என்று மட்டுமே கேட்பார். மாப்பிள்ளை என்ற சொல்லை எழுதினதில்லை.

முதல் பந்தயம் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு. சாயங்காலம் அவர் வந்து, கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஏழுக்கு ஒண்ணு."

"ஏழு நமக்கா?"

"ஒண்ணு நமக்கு. ஒண்ணு போட்டுட்டோம் பாத்தியா. போன வருஷம் இவங்ககிட்ட ஒண்ணுகூடப் போடல."

அவர் முகம் தெளிவாக இருந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு எழுத வேண்டிய கார்டு அன்றைக்கு. எழுதினேன்: "பந்தயம் நடந்தது. பிள்ளைகள் நன்றாக விளையாடி ஒரு கோல் போட்டார்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம்." ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார்டில் இடம் இல்லை என்றும் சொல்லிக்கொண்டேன். கீழே மூன்று விரற்கடை இடம் வெறுமையாக இருந்தது.

பதில் வந்தது. "ஜெயத்தைக் கேட்டுச் சபையார் சந்தோஷப்பட்டார்கள். மாப்பிள்ளைக்காக விசேஷ ஸ்தோத்திரம் ஏறெடுத்தோம்."

மாப்பிள்ளை. அந்த ஒரு சொல்லை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. உடனே திருத்தி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். "அப்பா, நீங்கள் நினைத்தது சரியல்ல" என்று ஆரம்பித்தால் அவருக்குச் சபை முன்னால் அவமானம் ஆகுமே என்று நிறுத்தினேன். வேறுவிதமாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்தபோது குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மூன்று நாள் அவனை மடியில் போட்டுக்கொண்டே இருந்தேன். காய்ச்சல் விட்டபோது, இத்தனை நாள் கழித்து எழுதினால் வேண்டுமென்று மறைத்ததுபோல் இருக்குமே என்று தோன்றியது. இப்படித்தான் நான். செய்ய வேண்டியதை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்து, செய்ய முடியாததாக்கிவிடுவேன்.

இரண்டாவது பந்தயம் ஐந்துக்கு ஒன்றுமில்லை. அப்பா முன்கூட்டியே கேட்டு எழுதியிருந்தார்: இந்தத் தடவை எத்தனை கோல், சபையார் கேட்கிறார்கள் என்று. நான் "இரண்டு" என்று எழுதினேன். யாருக்கு இரண்டு, எதிரிக்கு எத்தனை என்று எழுதவில்லை. ஆனால் இதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. பேனா நடுங்கவில்லை என்பதுதான் பிறகு எனக்குப் பயமாக இருந்தது.

அதன்பின் தூத்துக்குடித் துறைமுகத்துக் குமாஸ்தாக்களோடு ஆடப் போனார்கள். அவர்கள் பூட்ஸ் போட்டவர்கள், நம் பையன்களுக்கு வெறுங்கால். ரயிலில் போய்ச் சுளுக்கும் சிராய்ப்புமாகத் திரும்பினார்கள். நாலுக்கு ஒன்று. அடுத்தது மூன்றுக்கு ஒன்று. இரண்டுக்கும் நான் ஊருக்கு "ஜெயம்" என்று எழுதினேன். எத்தனைக்கு எத்தனை என்று நான் கேட்க, என் கணவர் கிணற்றடியில் கணக்கைச் சொல்லுவார்.

"ஏழு அஞ்சாச்சு. அஞ்சு நாலாச்சு. இப்ப மூணு. பையப் பையக் கொறையுது, கவனிச்சியா?"

"ஆமா" என்பேன். மனசுக்குள் இந்த மனுஷர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்கிறாரே என்று இரக்கப்படுவேன். நான்!

அப்பாவின் கடிதங்கள் நீண்டுகொண்டே போயின. மாப்பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தால் போடச் சொல்லிச் சுக்கும் கருப்பட்டியும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டார். நான் இவருக்குச் சுக்குத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். "உங்கப்பாவுக்கு என் மேல என்ன திடீர்னு பிரியம்?" என்று கேட்டார். "பேரன் பிறந்தாச்சுல்லா" என்றேன். அதையும் நம்பினார்.

பிசான நெல் அறுப்பு முடிந்த வாரம், கடைசிப் பந்தயத்துக்கு முதல் நாள் அப்பாவின் கார்டு வந்தது. நாளைக் காலையில் சபையார் நாலு பேரோடு வண்டியில் வருகிறார். ஜெயித்த பிள்ளைகளுக்குச் சபை காணிக்கையும் கொண்டுவருகிறார். கார்டு வந்ததை இவரிடம் சொன்னேன். அதில் இருந்ததைப் பாதிதான் சொன்னேன். "அப்பா ஆட்டம் பாக்க வாறாவ." அவருக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கஞ்சி ஊற்றும்போது சொல்லலாம், குழந்தை தூங்கினதும் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி விடிந்துவிட்டது.

மைதானத்து ஓரத்தில் வண்டிக்குப் பின்னால் குழந்தையோடு நின்றேன். இரண்டு வாழைத்தார், ஒரு கூடை இளநீர், ஓலைப்பெட்டி நிறைய முறுக்கு இறங்கின. முறுக்கு சபைப் பெண்கள் சுற்றியது. அப்பா வெள்ளை அங்கியைச் சரிசெய்துகொண்டு பையன்களை வரிசையாக நிறுத்தினார். இவரும் கண்ணை மூடித் தலைகுனிந்து நின்றார். அப்பா ஜெபித்தார்.

"நாலு பந்தயத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஜெயத்தைக் கட்டளையிட்ட ஆண்டவரே..."

ஒரு பையன் கண்ணைத் திறந்து பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான்.

"எந்த நாலுலே?"

"பேசாம இரி. வேற பள்ளிக்கூடத்தச் சொல்லுதாரு."

எனக்குக் கேட்டது என்றால் பக்கத்தில் நின்ற இவருக்கும் கேட்டிருக்கும். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அப்பா முடித்ததும் எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னார். பிறகு தலையைத் திருப்பி, வண்டிப் பக்கம், என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். ஊதலை எடுத்துக்கொண்டு பையன்களோடு போய்விட்டார்.

இரண்டுக்கு ஒன்று. எதிர்க்கோஷ்டிக்கு இரண்டு. ஆட்டம் முடியும் தறுவாயில் நம் பையன் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. இல்லாவிட்டால் சமமாகியிருக்கும். அப்பாவோடு வந்த பெரியவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

"நாலு ஜெயிச்சவங்க இன்னைக்குப் பாத்து தோத்துட்டாங்களே தாயி. நாங்க வந்த ராசியோ என்னமோ."

நான் குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தேன்.

மத்தியானம் வீட்டில் அப்பாவும் இவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா ஆறுதலாகச் சொன்னார்.

"ஒண்ணு போனாப் போகுது மாப்பிள. நாலு ஜெயிச்சிருக்கீங்கள்லா."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. "நாலும் தோத்ததுதான் மாமா. ஏழுக்கு ஒண்ணு, அஞ்சுக்கு ஒண்ணுமில்ல, நாலுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணு. இன்னைக்கு ரெண்டுக்கு ஒண்ணு. இன்னைக்கு ஆடினதுதான் நல்ல ஆட்டம்."

அப்பா என் பக்கம் திரும்பினார். ரசச்சட்டியைக் கீழே வைக்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அப்ப நீ எழுதினது?"

அவர் இலைக்கு ரசம் ஊற்றக் குனிந்தேன்; கையால் மறித்தார்.

"சபைக்கு முன்னால நின்னு ஆண்டவருக்கு நன்றி சொன்னேனே, பிள்ள. எதுக்குச் சொன்னேன்?"

அவர் சத்தம் போடவில்லை. கையைக் கழுவிவிட்டு வெளியே போய் வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்துகொண்டார். பாதிச் சோறு இலையில் இருந்தது.

இவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அது எனக்கு வேண்டியும் இருந்தது. அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் எத்தனைக்கு எத்தனைன்னு நீதான கேட்ட. நீ ஆசையாக் கேக்கேன்னுல்லா நெனச்சேன்."

அந்த நாளைத் தாண்டி இன்றுவரை அதைப் பற்றி அவர் பேசினதில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது பதில் கண்டுபிடித்திருப்பேன்.

அன்றைக்கு வண்டி பூட்டும்போது மட்டும், "நீயும் அப்பாகூடப் போ. ஞாயித்துக்கிழம நீயே சபையில சொல்லிரு" என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன். மற்ற நாலு பேரும் காற்றாட முன்னால் நடந்து வந்தார்கள். வழியில் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, நான் எந்திச்சு நின்னு சொல்லிருதேன்."

அவர் வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆற்றோரத்து வயல்கள் அறுத்துக் கிடந்தன. "நீ சொல்லாண்டாம்" என்றார். "பிடி அரிசி போட்ட பொம்பளைங்க எல்லாம் உக்காந்திருப்பாங்க. இனி ஒரு பிள்ளைய அவங்க படிக்க அனுப்பணும்லா. நான் பாத்துக்கிடுதேன்."

அவர் அப்படிச் சொன்னதும் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஞாயிறு ஆராதனை முடிவில் அப்பா எழுந்து நின்றார். பெண்கள் பக்கம் பாயில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பந்தயங்களின் கணக்கை ஒன்றுவிடாமல் சொன்னார். இவர் சொன்ன அதே வரிசையில். பிறகு சொன்னார்:

"பிள்ள சரியாத்தான் எழுதியிருக்கா. எனக்குக் கண்ணு மங்கிட்டு. மாத்தி வாசிச்சிட்டேன். சபையார் பொறுத்துக்கிடணும்."

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தான். அவனை விலக்கினால் அழுவான், அழுதால் எல்லோரும் பார்ப்பார்கள், அப்போது அப்பா பொய் சொன்னதாக ஆகிவிடும் என்றெல்லாம் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் எல்லோரும் கர்த்தருடைய ஜெபத்துக்கு முழங்காலிட்டார்கள். யாரும் அப்பாமேல் வருத்தப்படவில்லை. வெளியே வந்ததும் பெரியப்பா, "அதான் பாத்தேன், நாங்க வந்த ராசி இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் சொன்ன சொல் நின்றுவிட்டது. அடுத்த மாதம் வந்த குருவானவர், கண் மங்கினவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று, இனிமேல் வேதபாடத்தை ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் வாசிக்கட்டும் என்று அன்பாக ஏற்பாடு செய்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டலாம் என்றும் சொன்னாராம். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். காட்டினால் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்பாரே. இப்போது அப்பா வீட்டில் வேதம் வாசிக்கும்போது வாசலில் ஆள் அரவம் கேட்டால் புத்தகத்தை மூடிவிடுகிறார் என்று அம்மா சொன்னாள்.

இந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடம் இரண்டு பந்தயம் ஜெயித்தது. பாலத்துக்கு அந்தப் பக்கத்தாரை ஒன்றுக்கு இரண்டு என்று வென்றார்கள். நான் அதை இரண்டு எண்ணையும் போட்டு எழுதினேன். என் கார்டுகளையும் இப்போது வாத்தியார்தான் வாசிக்கிறாராம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாடம் ராஜாக்கள் புஸ்தகத்தில். வாத்தியார் புதியவர், ஒரு நீளமான பெயரில் தடுக்கி நின்றுவிட்டார். முன்வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த அப்பா, தலையை நிமிர்த்தாமல், மெதுவாக அந்தப் பெயரைச் சொன்னார். வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். இரண்டு வசனம் தாண்டி மறுபடி தடுக்கினார். அப்பா மறுபடி எடுத்துக் கொடுத்தார்.

என் பக்கத்தில் இருந்த சபைக்கார அக்கா ஒருத்தி என் முழங்கையைத் தொட்டாள். சின்ன வயதில் அவள் வீட்டுக் கலயத்து அரிசியும் எனக்காகப் போயிருக்கிறது.

"கண்ணு போனாலும் ஒங்கப்பாக்கு ஞாபகத்தப் பாரு" என்றாள் என் காதருகில். "எல்லாம் மனப்பாடம்."

"ஆமாக்கா" என்றேன்.