நரகத்து பாஸுக்கு ஒரு நாற்காலி

கருகன் நரகத்தில் மாட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் என் மாமாவின் தொண்டையில் கட்டி வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது உங்களுக்கு விளையாட்டாகத் தோன்றலாம். பத்து வயதில் எனக்கு இரண்டும் ஒரே அளவு துக்கம். உண்மையைச் சொன்னால் கருகன் விஷயத்தில் துக்கம் கொஞ்சம் கூடுதல். மாமாவைப் பார்க்க டாக்டர்கள் இருந்தார்கள். கருகனுக்கு நாதியில்லை.

கருகன், அம்மாவின் தம்பியான என் மாமா வரைந்த படக்கதையின் நாயகன். நாயகன் என்று சொல்வதுகூட அவனுக்கு அதிகம்தான். ஷா ஆலம் பக்கம் ஒரு தொழிற்சாலைத் தீயில் செத்து, பாதி வெந்த உடம்போடு திரும்பி வந்தவன். அவன் கை பட்டதெல்லாம் சாம்பலாகிவிடும். வட்டிக்கு விட்டு, கட்ட முடியாத ஏழைகளை மிரட்ட அவர்கள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் வீசுகிறவர்களைத் தொடுவான், சாம்பலாவார்கள். பசி தாங்காமல் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைத் தொடுவான், அதுவும் சாம்பலாகும். நல்லவனா என்று கேட்டால், இல்லை. கெட்ட வார்த்தை பேசுவான், அந்த இடங்களில் மாமா மின்னலும் மண்டையோடும் வரைந்து வைப்பார். கோயிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். யாருக்கும் நன்றி சொல்ல மாட்டான். கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அத்தையோடு வளரும் தன் மகளை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுப் போவான். அவ்வளவுதான் அவனிடம் இருந்த நல்ல குணம்.

மாமா பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேனர் கடையில் வேலை பார்த்தார். வாரம் முழுக்கக் கல்யாண வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துவிட்டு, சனிக்கிழமை கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருவார். பையில் கருகன் இருப்பான். மை காய்ந்த பிறகு அடியில் தெரியும் பென்சில் கோடுகளை ரப்பரால் அழிப்பது என் வேலை. அழுத்தினால் தாள் சுருங்கும், விட்டால் கோடு நிற்கும். வகுப்பில் படம் வரைவதில் கடைசி ஆள் நான். அழிப்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று மாமாவே சொல்லியிருக்கிறார்.

மாமாவின் நரகம், கூட்டம் போன பிறகு இருக்கும் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை மாதிரி இருக்கும். தகரக் கூரை, சுற்றியும் காற்று வராத விசிறி, நடுவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நரகத்து பாஸ் உட்கார்ந்திருப்பான். கொம்பு இல்லை, வால் இல்லை. தொந்தியும் ஜப்பான் சிலிப்பரும் தோளில் ஒரு துண்டும்தான். அரசியல்வாதி வந்தாலும் அடியாள் வந்தாலும் எதிரே நின்றுதான் பேச வேண்டும். பாஸ் தே தாரிக் டீ குடித்தபடி உட்கார்ந்தே தீர்ப்புச் சொல்வான்.

அந்த பாஸ்தான், மறுபடியும் அங்கே வந்து மாட்டிக்கொண்ட கருகனிடம் பேரத்தை ஆரம்பித்தான். “உன் கையைப் பழையபடி ஆக்கித் தருகிறேன். மகளுடைய தலையைத் தடவிக் கொடுக்கலாம். பதிலுக்குச் சின்னதாக ஒன்று. அவளுடைய சிரிப்பை எனக்குக் கொடுத்துவிடு. ஒரு கை குலுக்கல், போதும்.” கருகன் யோசித்தான். ஒரு பக்கம் முழுக்க யோசித்தான். கடைசிக் கட்டத்தில் அவன் கை பாதி தூரம் நீண்டிருந்தது. ‘தொடரும்’ என்று எழுதிவிட்டு மாமா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் நடந்த அன்று அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடியபடி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். எங்கள் குடும்பத்தில் மேலுலகத்தோடு பேரம் பேசுவது ஒன்றும் புதிதில்லை. அப்பாவுக்கு லோரி லைசென்ஸ் கிடைத்தால் பால்குடம், பெரியம்மா மகன் பரீட்சையில் தேறினால் சிதறு தேங்காய் என்று எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. அதனால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னதும் அம்மா அழுதாள், பெரியம்மா அழுதாள், அப்பா எல்லாருக்கும் மைலோ வாங்கி வந்தார். நானும் சந்தோஷமாகக் குடித்தேன்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போதுதான் குண்டு விழுந்தது.

“பாப்பா, தைப்பூசத்துக்கு முன்னால பத்துமலைக்குப் போறோம். உன் முடியக் குடுக்கறதா வேண்டிக்கிட்டேன்,” என்றாள் அம்மா.

என் முடி இடுப்பு வரைக்கும் இருந்தது. பள்ளியில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான். கணக்கு வராது, ஓட்டம் வராது, பாட்டு வரவே வராது. கூந்தல் மட்டும் பின்னால் ஆடிக்கொண்டு வரும். தினமும் காலையில் அம்மா எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை போட்டுவிடுவாள். அதை யாரோ என்னைக் கேட்காமல் விற்றுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

“என்னக் கேக்கவே இல்ல?”

“சின்னப் புள்ளைய என்னத்தக் கேக்கறது? முடி திரும்ப வளரும் லா.”

“அப்ப உங்க முடியக் குடுங்க. அதுவும் வளரும்.”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பெரியம்மாவுக்கு எல்லாக் கடவுள்களின் கோபமும் அத்துப்படி. “நேர்ந்துக்கிட்டதக் குடுக்காம விட்டா சாமி குத்தம். உங்க மாமாவுக்குத் திரும்ப வந்துச்சுன்னா யாரு பொறுப்பு?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. குளிக்கும்போதும் அதுதான், பள்ளி பஸ்ஸிலும் அதுதான். ஒரு பக்கம் என் முடி, மறுபக்கம் என் மாமா. சிவப்பு நாற்காலி என் எதிரிலேயே போடப்பட்டுவிட்டது. என் கையும் பாதி தூரம் நீண்டுதான் இருந்தது, மறைக்க மாட்டேன். சரி, எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நாள் காலை கண்ணாடி முன்னால் சொல்லியும் பார்த்தேன். சொன்ன உடனே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மாமாவைக் காப்பாற்றக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்காமல் எடுத்ததற்கு நான் ஏன் தலை குனிய வேண்டும்?

மாமா கழுத்தில் கட்டோடு எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மாமா காற்றில் பேசுவதுபோல் கிசுகிசுப்பார். நான் நேராகவே கேட்டேன்.

“மாமா, நான் முடி குடுக்காம உங்களுக்குத் திரும்பக் கட்டி வந்தா, என் மேல கோவப்படுவீங்களா?”

மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “வந்தா டாக்டர்கிட்டப் போவேன். உன் முடிய வச்சு அவர் என்ன பண்ணப் போறாரு?” என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, அந்தக் குரலுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாக, “அக்கா! எனக்காக நீ ஏன் அவ தலைய அடகு வச்ச?” என்றார்.

“நீ வாய மூடு. தையல் பிரிஞ்சிரப் போவுது,” என்று பதில் வந்தது. கரண்டியும் சட்டியும் மோதும் சத்தம் அதற்குப் பிறகு வெகுநேரம் கேட்டது.

மாமா தாளை எடுத்தார். கருகனின் வாய்க்குப் பக்கத்தில் வெறும் வட்டம் ஒன்று போட்டு, பென்சிலை என் பக்கம் நீட்டினார். இவன் என்ன சொல்ல வேண்டும் என்று கண்ணாலேயே கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

“‘அது என்னோடது இல்ல. அவளோடது. அவளப் போயி கேளு’ன்னு எழுதுங்க.”

மாமா எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ரயில் ஏறினோம். ‘சும்மா சாமி கும்பிட வா, மத்தத அங்க பாத்துக்கலாம்’ என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த ‘அங்க பாத்துக்கலாம்’ என்ன என்பது எனக்குத் தெரியாதா? மலையடிவாரத்தில் முடியிறக்கும் கொட்டகைக்குள் நுழைந்ததும் சந்தன வாசனையும் ஈர முடி வாசனையும் ஒன்றாக அடித்தன. குழந்தைகள் வரிசையாக அலறிக்கொண்டிருந்தன. எங்கள் முறை வந்ததும் முடியிறக்குகிறவர் புது பிளேடைப் பிரித்துக்கொண்டு, “வா பாப்பா, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது,” என்றார்.

நான் உட்காரவில்லை. இரண்டு சடையையும் முன்னால் இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“குடுக்க மாட்டேன். இது என்னோடது. பேசுனது அம்மா. என்ன யாரும் கேக்கல. சாமிக்கு வேணும்னா சாமி வந்து என்னக் கேக்கட்டும்!”

கொட்டகையில் அழுதுகொண்டிருந்த குழந்தைகள்கூட ஒரு நொடி நிறுத்தின. பெரியம்மா, “முருகா, முருகா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா தன் காலணியை ஆராய ஆரம்பித்தார். மாமா சிரிப்பு வந்து, தையலுக்குப் பயந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டார். நான் பிடியை விடவில்லை. அடி விழும் என்று நிச்சயமாகத் தெரியும். விழட்டும் என்றிருந்தேன்.

அம்மா அடிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு கொட்டகை வாசலுக்குப் போய், வெயிலில் பொன்னாக நின்றிருந்த முருகன் சிலையை அண்ணாந்து பார்த்தாள். அம்மா பேசியது, பக்கத்து வீட்டு ஆளோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவது மாதிரியே இருந்தது.

“பாத்தியா? இப்படித்தான் இருக்கா. நான் அவசரத்துல அவளதச் சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொல்றேன். என்னோடது இருக்கு, வேணும்னா எடுத்துக்க. வேணாம்னா விடு. ஆனா என் தம்பியையும் என் புள்ளையையும் தொடக்கூடாது. சொல்லிட்டேன்.”

திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்து கொண்டை ஊசிகளை உருவினாள். முடியிறக்குகிறவருக்கே சங்கடமாகிவிட்டது. “அக்கா, பொம்பளைங்க பூமுடி குடுத்தாப் போதும். மூணு கத்தரிப்பு, அவ்ளோதான்,” என்றார்.

“முழுசுன்னுதான் வேண்டிக்கிட்டேன். முழுசா எடுங்க அண்ணே.”

அன்றைக்கு எனக்கு அது வெற்றி. அப்பட்டமான, முழு வெற்றி. ரயிலில் திரும்பும்போது கருகனே என் பக்கத்தில் உட்கார்ந்து வருவதுபோல் இருந்தது. எதிரில் அம்மா சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, மடியில் பிரசாதப் பையோடு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை அந்தத் தலையோடுதான் ஷா ஆலம் பேக்டரிக்குப் போனாள். துண்டு கட்டிக்கொள்ளச் சொன்ன பெரியம்மாவிடம், “எதுக்கு? நான் என்ன திருடியா?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினாள். ஆனால் புறப்படுவதற்கு முன்பு, வழக்கம்போல என்னை முன்னால் உட்கார வைத்து எண்ணெய் வைத்துச் சடை பின்னினாள். முன்னைவிட இறுக்கமாகப் பின்னினாள். எனக்கு வலித்தது. அன்று தலையை அசைக்காமல் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்று கொட்டகையில் நான் பேசியதில் ஒரு சொல்லைக்கூட இன்றும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். என் பக்கம் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பெரியம்மா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். காட்டட்டும். மாமாவுக்கும் இன்றுவரை கட்டி திரும்பவில்லை.

கருகனின் கடைசிப் பகுதியை மாமா அந்த மாதமே முடித்தார். கருகன் நான் சொன்னபடியே சொன்னான். நீண்ட கையை இழுத்துக்கொண்டான். “அப்படியானால் இங்கேயே கிட,” என்று பாஸ் உறுமினான். அதுவரை எனக்குத் திருப்திதான். பக்கத்தைத் திருப்பினால், நரகத்தின் வாசலில் சம்பந்தமே இல்லாமல் ஒரு பெண் நின்றாள். மொட்டைத் தலை, தோளில் கைப்பை. வாயருகே வட்டமில்லை, ஒரு வார்த்தை இல்லை. கடைசிக் கட்டத்தில் அவள் முன்னே நடக்க, கருகன் பின்னால் நடந்து வெளியே போகிறான். பாஸ் அவளைப் பார்த்தபடி, கைகட்டி நின்றுகொண்டிருக்கிறான்.

எனக்குக் கோபமாக வந்தது. என் கருகன் தனியாக ஜெயித்திருக்க வேண்டாமா?

“யார் மாமா இது? நடுவுல வந்து கதையவே கெடுத்துட்டா.”

மாமாவுக்கு அப்போது குரல் பாதி திரும்பியிருந்தது. “அவளா? அவள யாரும் கூப்பிடல, அவளே வந்துட்டா,” என்று சொல்லிவிட்டு, “அக்கா, ஒரு தே ஓ போடேன்,” என்று சமையலறைக்குக் குரல் கொடுத்தார்.

நான் ரப்பரை எடுத்து அந்தப் பக்கத்துப் பென்சில் கோடுகளை வழக்கம்போல் அழித்தேன். அழிக்கும்போதுதான் இன்னொரு தப்பும் கண்ணில் பட்டது. கடைசிக் கட்டத்தில் சிவப்பு நாற்காலியையே காணோம். இத்தனை நாளாக உட்கார்ந்தே இருந்த பாஸை நிற்க வைத்துவிட்டு, நாற்காலி வரைய மறந்துவிட்டார் மாமா. உடம்பு சரியில்லாதவர், போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில், பாஸுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த கோணலில் நானே பென்சிலால் ஒரு நாற்காலி வரைந்து வைத்தேன். பாவம், அந்த மனுஷன்தான் எவ்வளவு நேரம் நிற்பான்.