தூக்குச்சட்டிக்குள் வைத்த செல்போன்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் என் தங்கைக்கு இடுப்புவலி எடுத்திருந்தது. பிரசவ அறை வாசலில் அவள் புருஷனும் நானும் நடந்த நடையைப் பார்த்து நர்சுகளுக்கே தலை சுற்றியதாம். ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள், ஏதாவதென்றால் போன் போடுகிறேன் என்று அம்மா துரத்திவிட்டாள்.

ஆற்றுக்கு எப்படிப் போன் வரும்? மாப்பிள்ளை அந்த வாரம்தான் செல்போன் வாங்கியிருந்தார். எங்கள் வீட்டுப் போன் முக்காலியை விட்டு இறங்காது. மணி அடித்தால் நாம்தான் ஓட வேண்டும். இதுவோ சட்டைப்பையில் ஏறிக் கூடவே வந்தது. எடுக்கும் முன்பே கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டுமாம். கம்பி எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லவே இல்லை.

படித்துறையில் அதை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் நீரில் இறங்கினார். நானும் குளிக்க வேண்டுமே. குளிக்கும்போது வாட்ச், மோதிரத்தையெல்லாம் தூக்குச்சட்டியில் போட்டு மூடிவைப்பது எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரிக்குக் காப்பி கொண்டுபோன சட்டி கையில் இருந்தது. கழுவித் துடைத்து, போனைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்து, மூடியை ஓங்கித் தட்டி இறுக்கினேன். நிம்மதியாக முங்கினேன்.

வெகுநேரம் மணியே இல்லை. போன் எங்கே என்று மாப்பிள்ளை கேட்டார்.

"பத்திரமா இருக்கு மாப்ளே. எவர்சில்வர்ல அடச்சு வச்சிருக்கேன்."

"சட்டிக்குள்ள சிக்னல் எப்படி மச்சான் வரும்?"

பாய்ந்தேன். மூடி திறக்கவில்லை. அவ்வளவு நல்ல வேலை செய்திருந்தேன். படிக்கல்லில் தட்டித் திறந்து எடுத்த சற்று நேரத்தில் அது கையிலேயே அலறியது. காதில் வைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன்; அது பாட்டுக்கு அலறிக்கொண்டே இருந்தது. பச்சையை அமுக்கச் சொன்னார் மாப்பிள்ளை. அமுக்கினேன்.

"ஏலே, எங்கன போய்த் தொலஞ்சிய? போட்டுப் போட்டுப் பாக்கேன், எவளோ ஒருத்தி எடுத்து, நீங்க எல்லைக்கு வெளிய இருக்கியன்னு சொல்லுதா. யாருலே அவ?"

அம்மாவுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் குரலுக்குப் பின்னால் பிஞ்சு அழுகை ஒன்று கேட்டது. தாயும் பிள்ளையும் நலம் என்றாள்.

போனை மாப்பிள்ளை காதில் வைத்தேன். மறுபக்கம் என் காதையும் ஒட்டிக்கொண்டேன். அசைந்தால் அறுந்துவிடுமோ என்று தலையோடு தலை சேர்த்து நின்றோம். பிறந்து இன்னும் ஈரம்கூடக் காயாத பிள்ளையின் குரல், ஊரைத் தாண்டி, ஒரு பிடிமானமும் இல்லாமல், ஆற்றங்கரைக்கு வந்திருந்தது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"ஹலோ, அப்பா பேசுதேன்."