மழையில் கரைந்த லோடு ஆட்டோ

என் லோடு ஆட்டோ மழையில் கரைந்து வாய்க்காலில் ஓடியதைக் கண்ணால் பார்த்தவன் நான். மரக்காணம் உப்பளத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, சிரிக்காமல் கேளுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, எங்கள் வீட்டில் இன்னும் நிறுத்தவில்லை.

அப்போது குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். உப்பை ஏற்ற வாடகை வண்டிக்காரனைத்தான் நம்ப வேண்டும். கூப்பிட்டால் வரமாட்டான், வந்தால் வாடகையை ஏற்றுவான். பழையதாக ஒரு லோடு ஆட்டோ வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். முன்பணம் சேர்க்க வேண்டும். எனக்கோ சட்டைப்பையில் காசு இருந்தால் கிளியனூர் பரோட்டா வாசனை இங்கேயே வரும்.

அதனால் உப்பாகவே சேர்த்தேன். ஒவ்வொரு தடவை விற்கும்போதும் கொஞ்சத்தை ஒதுக்கி, வரப்போரம் தனி அம்பாரமாகக் குவித்தேன். மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கிவிடும், விலை ஏறும், அப்போது விற்றால் முன்பணம் ரெடி. காசாக வைத்தால் மச்சான் கடன் கேட்பான். உப்பை யார் கேட்கப் போகிறார்கள்?

பக்கத்துப் பாத்தி அந்தோணி தினமும் விசாரிப்பான். "ஏம்பா, வண்டி எவ்ளோ வளந்துருக்குது?"

"டயர் வந்துடுச்சு. இனிமே பாடிதான்."

மழைக்கு முன்னால் அம்பாரத்தைக் கீற்றால் மூட வேண்டும். என் மனைவி செல்வி அதற்குக் காசு கொடுத்து அனுப்பினாள். போகிற வழியில் பழைய சாமான் கடையில் ஒரு லாரி ஹாரன் தொங்கியது. கடைக்காரர் அதை லாரி பேட்டரியில் மாட்டி அமுக்கிக் காட்டினார். எதிரே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. என் புத்தியும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

"இன்னாங்க இது?" என்றாள் செல்வி.

"வண்டிக்கு ஹாரன்."

"வண்டி எங்க?"

"வரும்ல."

"கீத்து எங்க?"

"அடுத்த வாரம் வாங்கிக்கலாம். வெயில பாரு, இப்ப எங்க மழை வரப்போவுது?"

அந்த வாரமே வந்தது. பழைய பேனர், சாக்கு, செல்வியின் புடவை என்று கிடைத்ததையெல்லாம் போட்டு மூடினேன். காற்று ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போனது. பேனரின் மறுமுனையைப் பிடித்தபடி அந்தோணி கத்தினான். "டேய், அந்த ஹாரன எடுத்து அடிடா! மழை வழி வுடுதான்னு பாக்கலாம்!"

மழை விட்டபோது அம்பாரம் இருந்த இடத்தில் அழுக்கேறிய ஒரு மேடுதான் மிச்சம். செல்வி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "ஹாரன் நனையலல்ல?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

அடுத்த வருஷம் அவளே பொறுப்பெடுத்தாள். முதல் உப்பு விற்ற காசில் கீற்று வாங்கி வீட்டோரம் அடுக்கினாள். அதற்குப் பிறகுதான் ஒதுக்குகிற உப்பைக் குவிக்கவே விட்டாள். அந்த மழைக்கு அம்பாரம் அசையவில்லை. நல்ல விலைக்குப் போனது. வண்டியும் வந்தது.

வந்த கையோடு ஹாரனை மாட்டினேன். தெருவே திரும்பிப் பார்க்கட்டும் என்று அமுக்கினேன். சளி பிடித்த பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். மெக்கானிக் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். "அண்ணே, இது இருபத்துநாலு வோல்ட்டு. உங்க பேட்டரி பன்னெண்டுதான். இதுக்கு மேல கத்தாதுங்க."

தம்பிகளே, பெரிய பொருளுக்குச் சேர்க்கிறவர்கள், சேர்த்ததைக் காப்பாற்றுகிற செலவை முதலில் செய்துவிடுங்கள். ஹாரன் கடைசியில் வரட்டும். வோல்ட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஹாரனை நான் இன்னும் கழற்றவில்லை. லோடு இறக்கிவிட்டு வீட்டு வாசலில் அமுக்குவேன். தெருவில் ஒருவருக்கும் கேட்காது. ஆனால் அடுப்படியில் இருக்கும் செல்விக்கு மட்டும் எப்படியோ கேட்டுவிடும். உள்ளேயிருந்து குரல் வரும்:

"கீத்து வாங்கினு வந்தீங்களா?"