ஆயிரம் வருஷத்துக்கு ஒரு விரற்கடை

ஆழ்கடலின் அடியில் வண்டல் எவ்வளவு வேகமாகச் சேருகிறது என்று அளக்க ஒரு மாதம் கப்பலில் போகிறேன் என்றதும் என் கணவர் சிரித்தார். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருப்பவர். "களிமண்ணுக்காவ கப்பல் ஏறணுமா? நம்ம பட்டறையிலயே கொட்டிக் கெடக்குது" என்றார். மாமியாருக்கு வேறு கவலை. தெருவில் கேட்டால் என்ன சொல்வது? கடைசியில், மருமகள் கடலை அளக்கப் போயிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

கப்பலில் முதல் சில நாள் ஒரே வாந்தி. அப்புறம் வேலை. நீளமான இரும்புக் குழாயைக் கம்பிவடத்தில் கட்டிக் கடலுக்குள் இறக்குவோம். தன் கனத்திலேயே அது அடிச்சேற்றில் குத்தி இறங்கி, சேற்றை உள்ளே அடைத்துக்கொண்டு வரவேண்டும். போய்த் திரும்பவே மணிக்கணக்காகும். முதல் தடவை வாய் வளைந்து வெறுங்குழாயாக வந்தது. அடியில் பாறை போல. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் அறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். இடம் மாற்றி மறுபடி இறக்கினோம். குழாய் முழுக்கச் சேறு அப்பிக்கொண்டு மேலே வந்தபோது, கப்பல் சமையற்காரர்கூட வந்து கைதட்டினார்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். அவர் கணவருக்குத் துபாயில் வேலை. கப்பல் அந்தப் பக்கம் போனதா என்று கேட்டார். இல்லை என்றதும் பாதி ஆர்வம் போயிற்று. முத்து, சங்கு எதுவும் கொண்டுவரவில்லை என்றதும் மீதியும் போயிற்று. சரி, எவ்வளவுதான் சேருகிறது என்றார். அது இனிமேல்தான் தெரியும் என்றேன். குழாயில் மேலே இருக்கும் சேறு புதுசு, கீழே இருப்பது பழசு. இரண்டிலும் கிடக்கும் பொடிக் கடலுயிர் ஓடுகளின் வயதைச் சோதனைக்கூடம் சொன்னால்தான் கணக்குப் போடமுடியும்.

பல மாதம் கழித்து அந்த வயது போனில் வந்தது. கணக்கைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். மாமியாரும் அக்காவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஆயிரம் வருஷத்துக்கு ஒரு விரற்கடை சேருது அத்தை."

"அவ்ளோதானா?" என்றார் அக்கா.

மாமியாருக்குச் சுருக்கென்றது. "அவ்ளோதானான்னா? அம்மாம் ஆழத்துலேர்ந்து மண்ணெடுத்துப் பாத்துட்டுல்ல சொல்லுது" என்றார். எனக்காக அவர் சண்டைக்கு நின்றது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் நானும் கீரை ஆய உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கடைவீதியில், அதுவரை என்னோடு பேசியே இராத பழக்கடைக்காரர் ஒற்றை விரலைக் காட்டி, "இவ்ளோதானாமே?" என்றார்.